ஆறு வருடம் 'சரி சார்'

நான் இல்லாவிட்டால் உப்பு விளையாது என்று ஆறு வருடம் நம்பினேன். வெயிலும் காற்றும் கழிவெளி ஏரித் தண்ணீரும் எனக்குக் கீழே வேலை பார்க்கின்றன என்கிற மாதிரி ஒரு நினைப்பு. வெளியே யாரிடமும் சொன்னதில்லை. மனைவியிடம் மட்டும் ஒரு முறை சொன்னேன். "அப்ப கடலை உப்பாக்கினதும் நீங்கதானா" என்று கேட்டுவிட்டுக் குழம்புக்குப் புளி கரைக்கப் போய்விட்டாள்.

மரக்காணத்தில் ஓர் உப்பளத்தில் நான் மேஸ்திரி. பழைய முதலாளி முழங்கால் வலி வந்து வீட்டோடு உட்கார்ந்ததும் பொறுப்பைத் தன் மருமகனிடம் கொடுத்தார். மருமகன் அதுவரை புதுச்சேரியில் டைல்ஸ் கடை நடத்தியவர். எங்கள் அளத்தில் உப்பு வாரும் எட்டுப் பெண்களும் அவருக்கு முதல் நாளே 'மாப்ளை சார்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர் முன்னால் வெறும் சார், அவர் முதுகுக்குப் பின்னால் மாப்ளை சார்.

நல்ல மனுஷன். முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் சொல்லப்போவதெல்லாம் வேறு மாதிரி கேட்கும். வெயில் ஏறினால் மோர் வாங்கி அனுப்புவார். யாருக்காவது காலில் உப்புப் புண் வந்தால் அவரே காரில் ஏற்றிக்கொண்டு போய்க் களிம்பு வாங்கித் தருவார். ஒரே ஒரு குறைதான். உப்பைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்பதும் அவருக்குத் தெரியாது.

வந்த வாரமே பாத்திகளைப் பார்த்து முகம் சுளித்தார். "என்ன மேஸ்திரி, ஒரு வரப்பும் நேரா இல்லையே" என்றார். கயிறு கட்டி எல்லா வரப்பையும் நேராக்கச் சொன்னார். டைல்ஸ் ஒட்டுகிறவர் கண்ணுக்கு அப்படித்தான் படும். நேராக்கினோம். உப்புக்கு அதனால் நஷ்டமும் இல்லை, லாபமும் இல்லை. வானத்திலிருந்து பார்க்கும் பறவைகளுக்கு வேண்டுமானால் அழகாக இருந்திருக்கும்.

அடுத்து வந்த உத்தரவுதான் ஆபத்தானது.

பாத்தியில் தண்ணீர் காயக் காயக் கெட்டியாகும். அது எவ்வளவு கெட்டி என்பதை டிகிரி மீட்டர் என்கிற கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டுப் பார்ப்போம். ஓர் அளவுக்கு வந்ததும் உப்பு இறங்கும். அந்த அளவையும் தாண்டினால் மிச்சத் தண்ணீர் கசக்கத் தொடங்கும். எண்ணெய் மாதிரி காலில் வழுக்கும். அதற்கு மேல் அதை வைத்திருந்தால் உப்பும் கசக்கும், எத்தனை நாள் காயவைத்தாலும் நசநசவென்றே கிடக்கும். அதனால் அந்தக் கசப்புத் தண்ணீரை வெளியே திறந்துவிட்டுப் புதுத் தண்ணீர் பாய்ச்சுவோம். எங்கள் பக்கத்தில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை, நடக்கத் தெரிவது மாதிரி தெரியும்.

மாப்ளை சார் அந்தத் தண்ணீரில் விரலை விட்டுப் பார்த்தார். "இவ்ளோ திக்கா இருக்கு. இதுலதானே உப்பு ஜாஸ்தி? இதைப் போய் வெளிய விடறீங்களே" என்றார். "இனிமே ஒரு சொட்டு வெளிய போகக் கூடாது மேஸ்திரி."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். நான் சொன்னது "சரி சார்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்று வரை யோசிக்கிறேன். பயம் ஒரு பங்கு. இன்னொரு பங்கு, அவர் முகம். தப்பு என்று சொன்னால் வாடிப்போகிற முகம் அது. அன்று காலையில்தான் தன் காசில் எல்லோருக்கும் கறுப்புக் கண்ணாடி வாங்கி வந்திருந்தார், உப்பின் வெள்ளை கண்ணைக் குத்துகிறது என்று. அதைப் போட்டுக்கொண்டு அவரிடம் எதிர்த்துப் பேச எனக்கு வாய் வரவில்லை.

அவர் கார் கிளம்பி ஈசிஆர் வளைவில் மறைந்ததும் தோள் துண்டை எடுத்து ஓர் உதறு உதறினேன். பெண்களில் மூத்தவர், நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், மண்வெட்டியை எடுத்துப் போய் வரப்பின் வாயை வெட்டித் திறந்துவிட்டார். கசப்புத் தண்ணீர் போயிற்று. மறுநாள் சார் வருவதற்குள் வாயை அடைத்துப் பூசி, அதன்மேல் ஒரு கை காய்ந்த மண்ணையும் தூவிவிட்டோம்.

அதுவே எங்கள் தொழில் முறை ஆகிவிட்டது. காலை ஏழு மணிக்கு சார் வருவார், உத்தரவு போடுவார், நான் சரி சார் என்பேன். ஒன்பது மணிக்கு அவர் போவார், நான் துண்டை உதறுவேன், உத்தரவு ரத்தாகும். ஒரு நாள் பாத்தித் தரையை மிதித்து இறுக்குவது வீண் வேலை என்றார். சரி சார். அவர் போனபின் மிதித்தோம். ஒரு நாள் ஃபோனில் மழை இல்லை என்று காட்டுகிறது, உப்புக் குவியலை மூட வேண்டாம் என்றார். சரி சார். அவர் போனபின் மூடினோம். அன்றைக்கு மழையும் வந்தது. விடிந்ததும் அவர் வருவதற்குள் மூடியதை எடுத்துவிட்டோம். மறுநாள் அவர் நனையாத குவியலைப் பார்த்து, "பாத்தீங்களா, மழை வரலை" என்றார். ஊரே ஈரமாகக் கிடந்தது. "ஆமா சார்" என்றேன். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார்.

இப்படி ஆறு வருடம். நல்ல உப்பு விளைந்தது. அவருக்குத் தன் யோசனைகளால்தான் விளைகிறது என்று சந்தோஷம். எனக்கு என்னால்தான் என்று கர்வம். கீழ்புத்துப்பட்டில் இறால் குஞ்சுப் பண்ணை ஒன்றில் வேலை பார்க்கும் என் பங்காளி, தண்ணீரின் உப்பு அளவு பார்க்க ஆள் வேண்டும் என்று இரண்டு முறை கூப்பிட்டான். "டேய், நான் வந்துட்டா இங்க எட்டுப் பொம்பளைங்க கதி என்னடா" என்று கேட்டேன். ரயிலை நிறுத்திவிட்டு இறங்க முடியாத டிரைவர் மாதிரி பேசினேன். அவன் ஃபோனை வைத்துவிட்டான்.

ஒரு வெள்ளிக்கிழமை அது நடந்தது. நல்ல கோடை. சார் போனார், நான் துண்டை உதறினேன், கொட்டகைக்குள் டீ குடிக்கப் போனேன். அங்கே கட்டில்மேல் சாரின் கறுப்புக் கண்ணாடி கிடந்தது. அதைப் பார்த்தேன். பார்த்தும் அதன் அர்த்தம் எனக்கு எட்டவில்லை. நாளைக்குக் கொடுத்துக்கொள்ளலாம் என்று அதை எடுத்துப் பத்திரமாக ஆணியில் மாட்டிவிட்டு டீயை ஊதிக்கொண்டிருந்தேன். அந்த வெயிலில் கண்ணாடி இல்லாமல் எவரும் கார் ஓட்ட முடியாது, உடனே திரும்பி வருவார் என்று மீட்டர் பார்க்கும் இந்த மூளைக்கு உறைக்கவில்லை.

வெளியே சாரின் குரல் கேட்டது.

"யார் இதைத் தொறக்கச் சொன்னது?"

டீ கிளாஸோடு வாசலுக்கு வந்தேன். அக்கா மண்வெட்டியோடு நிற்கிறார். அவர் காலடியில் வரப்பு திறந்து தண்ணீர் சலசலவென்று போய்க்கொண்டிருக்கிறது. மற்ற ஏழு பேரும் உப்பு வாரும் பலகைகளை ஊன்றியபடி அப்படியே நிற்கிறார்கள். ஏழு பேர் கண்ணும் என்மேல். அக்கா மட்டும் என் பக்கம் திரும்பவில்லை.

"நானாத்தான் தொறந்தேன் சார்" என்றார்.

"ஒரு சொட்டு போகக் கூடாதுன்னு எத்தினி தடவை சொல்லியிருக்கேன். என் பேச்சுக்கு மரியாதையே இல்லையா?" சாருக்குக் கோபப்படத் தெரியாது. குரல் உடைந்து அழுகை மாதிரி வந்தது. "இன்னையோட போதும்மா. நாளைலேர்ந்து நீங்க வர வேணாம்."

பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க என்ன மேஸ்திரி, இதெல்லாம் கவனிக்கிறதில்லையா?"

அந்த நிமிஷத்தில் எனக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தது. ஆறு வருடத்துக்கும் சேர்த்து ஒரே வாய்ப்பு. நான் வாயைத் திறந்து, "இனிமே கவனிக்கிறேன் சார்" என்றேன்.

அக்கா கால் கழுவினார். சோற்றுத் தூக்கை எடுத்தார். என்னைத் தாண்டிப் போகும்போது, "டீ ஆறிடப் போவுது, குடிங்க" என்றார். திட்டியிருக்கலாம். துப்பியிருந்தால்கூடத் துடைத்துக்கொண்டிருப்பேன்.

மத்தியானம் எனக்கு நெஞ்சு வலி வந்தது. இடது கை மரத்துப்போன மாதிரி. வியர்வை. செத்துவிட்டேன் என்றே முடிவு கட்டிவிட்டேன். பைக்கில் போகும்போது என் சாவுக்கு யார் யார் வருவார்கள் என்று எண்ணினேன். மாப்ளை சார் மாலையோடு வந்து, பாடை கோணலாக இருக்கிறது, கயிறு கட்டி நேராக்குங்கள் என்று சொல்வது வரைக்கும் தெளிவாகத் தெரிந்தது. அக்கா வருவாரா என்று யோசித்தபோதுதான் வலி இன்னும் கூடியது.

கிளினிக்கில் நெஞ்சில் ஒயர்களை ஒட்டி எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, "ஹார்ட்டுக்கு ஒண்ணும் இல்லை. வெறும் கேஸ். காலைல என்ன சாப்ட்டீங்க?" என்று கேட்டார். டீ என்றேன். வேறு ஒன்றையும் முழுங்கியிருந்தேன், அதை அவரிடம் சொல்லவில்லை.

மனைவி கிளினிக் வாசலிலேயே ஆட்டோவை விட்டு இறங்கி ஓடிவந்தாள். ரிப்போர்ட்டைக் கேட்டதும் மூச்சு வாங்க அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். என் கையை விடவே இல்லை. வீட்டுக்கு வந்து நடந்ததையெல்லாம் நான் சொன்னபிறகுதான் விட்டாள்.

"நெஞ்சுல ஒண்ணும் இல்லைன்னு டாக்டரே சொல்லிட்டாங்க. எனக்கு இருபது வருஷமா தெரியும்" என்றாள். பிறகு குரலை இறக்கி, "நாளைக்கே போய் அந்தக்காவைப் பாருங்க" என்றாள்.

மறுநாள் சாயங்காலம் போனேன். அக்கா வீட்டு வாசலில் குந்தி நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். ஷேர் ஆட்டோ ஓட்டும் அவர் வீட்டுக்காரர் என்னைப் பார்த்ததும் வண்டியைத் துடைக்கிற சாக்கில் அந்தப் பக்கம் போய்விட்டார்.

"ஏன்க்கா என் பேரைச் சொல்லலை?" என்றேன்.

"சொன்னா ரெண்டு பேருக்கும் வேலை போயிருக்கும்."

"அதுக்கில்ல..."

"எனக்கு நெத்திலி ஆயத் தெரியும், நாத்து நடத் தெரியும். பக்கத்துல பிரம்மதேசத்துல களை எடுக்கக் கூப்புடறாங்க, போய்டுவேன். உங்களுக்கு என்ன தெரியும்? துண்டு உதறத் தெரியும்." மீனின் தலையைக் கிள்ளிப் போட்டார். "அதான் சொல்லலை."

எனக்குச் சிரிப்பு வந்தது. என்னால் இந்த எட்டுப் பேரும் பிழைக்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, அவர் என்னை ஒரு பிழைக்கத் தெரியாத ஆளாகப் பார்த்து, அதற்காக இரக்கப்பட்டுத் தன் வேலையையே விட்டிருக்கிறார்.

"நாளைக்கு சார்கிட்ட சொல்லிடறேன்க்கா."

"சொல்லுவீங்க?"

"சொல்லுவேன்."

"சரி சார்" என்றார் அக்கா, நான் சொல்கிற அதே தொனியில். வீட்டுக்காரர் ஆட்டோவுக்குப் பின்னாலிருந்து இருமினார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காலைப் பூசைக்குப் போனேன். முழங்காலில் நின்று ஜெபிக்கவில்லை, ஒத்திகை பார்த்தேன். 'சார், ஒரு விஷயம்.' வேண்டாம், அது பணம் கேட்கிற மாதிரி இருக்கிறது. 'சார், நான் ஒரு துரோகி.' அது நாடகம். ஃபாதர் பிரசங்கத்தில் உண்மையைச் சொல்லுங்கள் என்று ஏதோ சொல்ல, என்னைப் பார்த்துத்தான் சொல்கிறார் என்று தூணுக்குப் பின்னால் நகர்ந்தேன். அங்கே அக்காவின் வீட்டுக்காரர் நின்றிருந்தார். "இன்னும் போகலையாண்ணா?" என்று மெல்லக் கேட்டார். பூசை முடிவதற்குள்ளேயே கிளம்பிவிட்டேன்.

சார் வீட்டில் தனியாக இருந்தார். வீட்டில் மற்றவர்கள் ஒரு சீமந்தத்துக்குப் போயிருந்தார்கள். லுங்கியும் பனியனுமாகக் கதவைத் திறந்தார், கையில் கரண்டி. "வாங்க மேஸ்திரி, கரெக்டா வந்தீங்க. உப்புமா பண்ணியிருக்கேன், உக்காருங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் தட்டு வந்துவிட்டது. உப்புமா கட்டி கட்டியாக இருந்தது. ஒரு வாய் வைத்தேன். உப்பே இல்லை.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார். அந்த முகம்.

"நல்லா இருக்கு சார்."

அவரும் தட்டோடு எதிரில் உட்கார்ந்தார். ஒரு வாய் தின்றார். மென்றார். நிறுத்தினார். என்னைப் பார்த்தார். "உப்பு போடலையே" என்றார். "ஏன் மேஸ்திரி, நீங்க சொல்லலை?"

வேறு எந்த ஒத்திகையும் எனக்கு உதவவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு, வரிசையெல்லாம் இல்லாமல், எல்லாவற்றையும் கொட்டினேன். துண்டு, வரப்பின் வாய், மூடிய குவியல், தூவிய மண். அக்கா திறந்தது என் சொல்லால் என்பதை மூன்று முறை சொன்னேன்.

சாரும் தட்டைக் கீழே வைத்தார்.

"எத்தினி வருஷமா?"

"நீங்க வந்ததுலேர்ந்து சார்."

"அப்ப நான் சொன்னது எதுவுமே நடக்கலையா?"

யோசித்தேன். "வரப்பு நேரா போட்டோம் சார். அது நடந்துச்சு."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "பக்கத்து அளத்துக்காரர்கிட்ட பெருமையா சொன்னேன், நாங்க தண்ணியை வெளியவே விடறதில்லைன்னு. அவரும் அப்படியே பண்ணாரு. ஏன்யா கசக்குதுன்னு வந்து கேட்டாரு. நீங்க சரியா செய்யலைன்னு அவர்கிட்டயே சொல்லி அனுப்பிட்டேன்." கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மொத நாளே தப்புன்னு சொல்லியிருந்தா ரெண்டு நாள் மூஞ்சைத் தூக்கி வெச்சிட்டிருந்திருப்பேன். மூணாவது நாள் கத்துக்கிட்டிருப்பேன் மேஸ்திரி. ஆறு வருஷம் என்னை ஒண்ணும் தெரியாதவனாவே வெச்சிட்டீங்களே."

அவரைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் அத்தனை நாளும் நினைத்திருந்தேன். அவர் கற்றுக்கொள்ளாமல் இருந்தால்தான் எனக்கு வேலை, எனக்குப் பெருமை என்பது எனக்குள் எங்கோ தெரிந்தேதான் இருந்திருக்கிறது.

"அந்தம்மாவை நாளைக்கு வரச் சொல்லுங்க" என்றார்.

"நீங்களே சொல்லணும் சார்."

வாழ்க்கையில் அவரிடம் நான் முதன்முதலாக எதிர்த்துச் சொன்னது அதுதான். சார் என் ஃபோனை வாங்கினார். "நான்தாம்மா பேசறேன்... தப்பு என் மேலதான்... இல்லம்மா, மேஸ்திரி எல்லாம் சொல்லிட்டாரு... வாங்கம்மா." அந்தப் பக்கம் அக்கா என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. ஃபோனைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் கண் கலங்கியிருந்தது. அன்றைக்கு அங்கே உப்பு இருந்தது அது ஒன்றில்தான் என்று ஜோக்கடிக்க எனக்கு நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன்.

"சார், நான் வேலையை விட்டு நின்னுக்கறேன்" என்றேன்.

"அதான் அவங்களைக் கூப்ட்டாச்சே. நீங்க ஏன்?"

"நான் இருந்தா மறுபடியும் சரி சார்னுதான் சொல்லுவேன். வாய் பழகிடுச்சு. நீங்களும் கேட்டுட்டு சந்தோஷமா போய்டுவீங்க."

"டிகிரி யாரு பாக்கறது?"

"அக்கா பாப்பாங்க."

"அவங்களுக்கு மீட்டர் பாக்கத் தெரியுமா?"

"கால் வெச்சுப் பாத்தே சொல்லுவாங்க சார். மீட்டர் எனக்குத்தான் வேணும்."

சார் எழுந்து உள்ளே போனார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். ஒரு கிண்ணத்தில் உப்பைக் கரைத்து எடுத்து வந்து, என் தட்டில் தெளித்து, தன் தட்டிலும் தெளித்தார். அப்படிச் செய்தால் உப்புமா இன்னும் மோசமாகும். "இன்னும் நல்லா இல்லை சார்" என்றேன். "தெரியுது" என்றார். இரண்டு பேரும் முழுக்கத் தின்றோம்.

திங்கட்கிழமை அக்கா வேலைக்கு வந்தார். அந்த வாரம் முழுக்க மீட்டரை எப்படிப் படிப்பது என்று அவருக்குக் காட்டினேன். ஒவ்வொரு முறையும் அவர் முதலில் பாத்தியில் கால் வைத்து எண்ணைச் சொல்வார், பிறகு நான் மீட்டரை விட்டுப் பார்ப்பேன். பெரும்பாலும் ஒத்துப்போகும். ஒத்துப்போகாதபோது அவர், "அதை நல்லாக் கழுவுங்க" என்பார். சனிக்கிழமை நான் நின்றுகொண்டேன். எட்டுப் பேரும் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றார்கள். அழுகிறார்கள் என்று நினைத்து நானும் கலங்கினேன். திரும்பி நடந்து பத்தடி போவதற்குள் பின்னாலிருந்து சிரிப்புக் கேட்டது. அக்கா ஒரு துண்டை எடுத்து உதறிக்காட்டிக்கொண்டிருந்தார்.

இறால் பண்ணையில் முதல் மாதம் முழுக்க ஃபோனைக் கையிலேயே வைத்திருந்தேன். குளியலறைக்குள்கூடக் கொண்டு போனேன். சிக்னல் இல்லையோ என்று பங்காளியை விட்டு எனக்கே கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். நன்றாக அடித்தது. ஒரு நாள் மேகம் கறுத்தபோது தாங்காமல் நானே அக்காவைக் கூப்பிட்டேன்.

"குவியலை மூடிட்டீங்களாக்கா?"

"மூடியாச்சு. சார்தான் மொத ஆளா வந்து மூடச் சொன்னாரு."

"கசப்புத் தண்ணி?"

"வுட்டாச்சு. சாரே தொறந்தாரு. கை வழுக்கி மண்வெட்டியைக் கால்ல போட்டுக்கிட்டாரு, ஒண்ணும் ஆவலை. வேலை இருக்குது, வெச்சிடறேன்."

அந்தப் பருவம் முடிகிறவரை அளத்திலிருந்து யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நான் இருந்த ஆறு வருடங்களுக்கும் குறையாமல் உப்பு விளைந்தது.